பள்ளி மண்டல வேகப் பலகையைத் தானியங்கிக் காருக்குப் படிக்கச் சொல்லித் தருவது எப்படி?

அமெரிக்கச் சாலையில் மணிக்கு 40 மைல் வேகத்தில் போகும் காரின் முன்கேமராவுக்கு, பள்ளிப் பலகையில் முதலில் தெரிவது ‘20’ என்ற எண்தான். அதன் கீழே ‘வென் ஃபிளாஷிங்’, அதாவது விளக்கு மினுக்கும்போது மட்டும் என்று எழுதியிருப்பது தெரிவதற்குள் கார் இன்னும் 50 மீட்டர் போய்விடும். எண்ணைப் படித்தவுடனே பிரேக் போட்டால், ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத சாலையில் பின்னால் வருபவர் வந்து முட்டுவார். நிபந்தனை தெரியும்வரை சும்மா இருந்தால், திங்கள் காலை 8 மணிக்குப் பிள்ளைகள் நடுவே 40-இல் போக நேரிடும். பள்ளி மண்டலப் பலகையில் இருப்பது வெறும் எண் இல்லை, முழு வாக்கியம். அதை வாக்கியமாகவே படிக்கவும் சேமிக்கவும் சோதிக்கவும் என்னென்ன செய்யவேண்டும் என்று பார்ப்போம்.

பலகையின் உடற்கூறு

அமெரிக்காவின் சாலைக் குறியீடுகளுக்கான தேசியக் கையேடு எம்.யு.டி.சி.டி. அதன் 11-ஆம் பதிப்பு 2023 டிசம்பரில் வெளியாகி, 2024 ஜனவரி 18 முதல் நடைமுறைக்கு வந்தது. பள்ளிப் பகுதிகள் அதில் 7-ஆம் பாகம். தானியங்கி வாகனங்களைக் கருத்தில் கொண்டு புதிதாகச் சேர்க்கப்பட்டது 5-ஆம் பாகம். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் இரண்டையும் படித்துவிட்டு வருவது நல்லது.

பலகை இரண்டு விதமாக வரும். ஒன்று, எஸ் 5-1 என்ற ஒற்றைப் பலகை. சாதாரணச் சாலையில் 24 அங்குல அகலம், 48 அங்குல உயரம். மேலே பளிச்சென்ற மஞ்சள்-பச்சைப் பட்டையில் ‘ஸ்கூல்’, நடுவில் வேக எண், கீழே நிபந்தனை. இன்னொன்று, ஒரே கம்பத்தில் தனித்தனியாக மாட்டிய தொகுப்பு: ‘ஸ்கூல்’ பட்டை 24-க்கு 8, வழக்கமான வேகப் பலகை 24-க்கு 30, நிபந்தனைத் துணைப்பலகை 24-க்கு 10 அங்குலம்.

சிக்கல் இந்த இரண்டாவது வகையில்தான். டிடெக்டருக்கு, அதாவது படத்தில் பலகைகளைத் தேடிப்பிடிக்கும் மென்பொருளுக்கு, நடுவில் இருப்பது எந்தச் சாலையிலும் பார்க்கும் சாதாரண வேகப் பலகை. மேலும் கீழும் இருப்பவற்றை அதனோடு சேர்க்காவிட்டால், ‘20’ நாள் முழுக்க அமலில் இருப்பதாகக் கார் எடுத்துக்கொள்ளும். மையங்கள் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கின்றனவா, இரண்டு பலகைகளுக்கு இடையிலான இடைவெளி சிறிய பலகையின் உயரத்தில் பாதிக்கும் குறைவா, இரண்டும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்ற மூன்று சோதனைகளில் தேறினால் ஒரே தொகுப்பு என்று சேருங்கள். தூரச் சோதனையை விட்டுவிட்டால், 30 மீட்டர் பின்னால் இருக்கும் வேறொரு கம்பத்தின் பலகையும் படத்தில் நேர்கோட்டில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

அப்படியும் ஏமாற்றக்கூடியது பார்க்கிங் பலகை. ‘பள்ளி நாள்களில் காலை 7 முதல் மாலை 4 வரை நிறுத்தாதே’ என்ற சிறு பலகை சில இடங்களில் அதே கம்பத்தில் தொங்கும். அதன் நேரத்தை வேக எண்ணோடு கட்டிவிட்டால், 40 நிமிடம் மட்டும் அமலில் இருக்கவேண்டிய எல்லை 9 மணி நேரம் நீளும். நேரத்தைப் படிக்கும் முன், அந்தத் துணைப்பலகையில் அம்புக்குறி இருக்கிறதா, ‘பார்க்கிங்’ என்ற சொல்லோ சிவப்பு எழுத்தோ இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குங்கள்.

இன்னொரு பொறி எஸ் 4-5. முன்னால் பள்ளி வேக எல்லை வருகிறது என்று எச்சரிக்கும் சாய்சதுரப் பலகை இது. அதன் உள்ளே ஒரு குட்டி வேகப் பலகையை அப்படியே வரைந்திருப்பார்கள். டிடெக்டர் அந்தக் குட்டிப் படத்தைப் பிடித்துக்கொண்டு, எல்லை இங்கேயே தொடங்கிவிட்டது என்று சொல்லும். வேகப் பலகை ஒன்று சாய்சதுரத்துக்குள் முழுதாக அடங்கியிருந்தால் அதை முன்னறிவிப்பாக மட்டும் பதியவேண்டும்.

ஒரு நாடு, பல சட்டம்

கையேடு ஒன்றுதான், சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் பொதுவாக 25 மைல், ‘பிள்ளைகள் இருக்கும்போது’. பிள்ளைகள் பள்ளிக்கு வந்துபோகும் நேரத்தோடு, வேலி இல்லாத பள்ளி வளாகத்தை அவர்கள் பயன்படுத்தும் நேரமும் அதில் சேரும். வாஷிங்டனில் 20 மைல். அங்கே நேரம், மினுக்கு விளக்கு போதாதென்று ‘கொடி இருக்கும்போது’ என்ற பலகையும் உண்டு. பலகையின் மேலே ஆரஞ்சுக் கொடி செருகியிருந்தால் எல்லை அமலில் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. பென்சில்வேனியாவில் 15 மைல். ஒஹையோவில் 20 மைல்; இடைவேளை நேரத்திலும், பள்ளி தொடங்கி முடியும் வேளைகளில் பிள்ளைகள் வந்துபோகும்போதும் அது செல்லும். அங்கே சில பலகைகளில் ‘கட்டுப்பாட்டு நேரத்தில்’ என்று மட்டும் இருக்கும், அது எந்த நேரம் என்று பலகை சொல்லாது. நெவாடாவில் பள்ளி மண்டலம் 15, பள்ளிக் கடவை மண்டலம் 25. பார்வைக்கு இரண்டும் நெருங்கிய உறவினர்கள்.

எல்லாவற்றிலும் விநோதம் அரிசோனா. பிள்ளைகள் கடக்கும் வேளையில் பள்ளிக்காரர்களே சாலை நடுவில் நகர்த்தக்கூடிய பலகைகளைக் கொண்டுவந்து வைப்பார்கள், 15 மைல். வேளை முடிந்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நேற்று எடுத்த மேப்பில் பலகை இருக்கும், இன்று சாலையில் இருக்காது. மேப்பும் கேமராவும் முரண்பட்டால் மேப் பழசாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளும் நிரல் இங்கே அடிப்படையிலேயே தவறு. இரண்டுமே சரிதான், நேரம்தான் வேறு.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒரே வாய்ப்பாடு: பள்ளி நாள்களில் காலை 8 முதல் 9.30, பிற்பகல் 2.30 முதல் 4 வரை, 40 கிலோமீட்டர். எந்தப் பொறியாளரும் அதைப் பார்த்துப் பொறாமைப்படுவார்.

எண்ணைத் தனியாகச் சேமிக்காதீர்கள்

மேப்பில் வேக எல்லைக்கு ஒரே ஒரு கட்டம் வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஒவ்வொரு பள்ளி மண்டலத்துக்கும் குறைந்தபட்சம் இவை தேவை: குறைந்த எல்லை, அது இல்லாதபோதுள்ள வழக்கமான எல்லை, நிபந்தனையின் வகை (விளக்கு, நேரம், பிள்ளைகள், கொடி, நகரும் பலகை), கிழமையும் நேரமும், தொடங்கும் இடம், முடியும் இடம், எந்தத் திசைக்குப் பொருந்தும், விளக்கின் முப்பரிமாண இடம், கடைசியாகப் பார்த்த தேதி.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நிபந்தனையுள்ள வேகத்துக்கென்றே தனிக் குறிச்சொல் இருக்கிறது. கிழமை, நேரத்தோடு பொது விடுமுறை, பள்ளி விடுமுறை இரண்டையும் தனித்தனியாக விலக்கி அதில் எழுதலாம். சொந்தமாக வடிவம் கண்டுபிடிக்கும் முன் அதைப் பார்ப்பது பல நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

நிலையை ‘ஆம், இல்லை’ என்று இரண்டாக வைக்காமல் மூன்றாக வையுங்கள்: அமலில், அமலில் இல்லை, தெரியவில்லை. நடைமுறையில் அதிக நேரம் பிடிப்பது மூன்றாவதுதான். அது இல்லாத அமைப்பில், லாரி மறைத்த விளக்கும் அணைந்திருக்கும் விளக்கும் ஒன்றாகிவிடும்.

மினுக்கு விளக்கு

‘வென் ஃபிளாஷிங்’ பலகைக்குச் சட்டப்படி விளக்குதான் எஜமான். கையேட்டின்படி அது நிமிடத்துக்கு 50-க்குக் குறையாமல் 60-க்கு மேற்படாமல் மினுக்கவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தது பாதி, அதிகபட்சம் மூன்றில் இரண்டு பங்கு நேரம் எரியவேண்டும். ஆக ஒரு சுற்று 1 முதல் 1.2 விநாடி. அதில் இருட்டு 0.6 விநாடிவரை போகலாம். ஒரு ஃபிரேமை, அதாவது வீடியோவின் ஒரே ஒரு படத்தை மட்டும் பார்த்து விளக்கு எரியவில்லை என்று முடிவுகட்டினால், மூன்றில் ஒரு தடவை முதல் பாதித் தடவை வரை தவறாகும். ‘எரிகிறது’ என்று சொல்ல அணைந்து எரியும் மாற்றம் இரண்டு போதும். ‘எரியவில்லை’ என்று சொல்ல, எதுவும் மறைக்காமல் மூன்று சுற்று, அதாவது 3.6 விநாடி தொடர்ந்து பார்த்திருக்கவேண்டும். இடையில் பேருந்து மறைத்தால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யம்.

இதற்குள்ளே இன்னொரு மினுக்கல் ஒளிந்திருக்கிறது. எல்.இ.டி. விளக்கு நம் கண்ணுக்கு நிலையாக எரிவதுபோல் தெரிந்தாலும், சில விளக்குகள் விநாடிக்கு நூறு தடவை அணைந்து எரிபவை. 100 ஹெர்ட்ஸ், 25 சதவீதம் எரியும் விளக்கு என்று வைத்துக்கொள்வோம். 2.5 மில்லிவிநாடி வெளிச்சம், 7.5 மில்லிவிநாடி இருட்டு. நல்ல வெயிலில் கேமராவின் எக்ஸ்போஷர், அதாவது ஒரு படத்துக்கு அது ஒளியை வாங்கும் நேரம், 1 மில்லிவிநாடிக்கும் கீழே போகும். கேமரா விநாடிக்கு 25 ஃபிரேம் எடுத்தால் ஃபிரேமுக்கு 40 மில்லிவிநாடி, சரியாக 4 சுற்று. முதல் ஃபிரேம் இருட்டில் மாட்டினால் அடுத்தடுத்தவையும் இருட்டிலேயே மாட்டும். 30 ஃபிரேம் என்றாலும் தப்பில்லை என்று சொல்லமுடியாது: சுற்றின் மூன்றே இடங்களைத்தான் கேமரா மாறி மாறித் தொடும், அந்த மூன்றும் வெளிச்சத்தைத் தவறவிட இடமிருக்கிறது. எதிரில் நிற்கும் மனிதருக்குப் பளிச்சென்று எரியும் விளக்கு, பதிவில் செத்துக் கிடக்கும்.

தீர்வு கேமராவில்தான். எக்ஸ்போஷரை 10 மில்லிவிநாடிக்கு மேல் வைத்துக்கொள்ளும், மினுக்கல் தணிப்பு வசதியுள்ள சென்சாரைப் பயன்படுத்துங்கள். அது கிடைக்காவிட்டால் எக்ஸ்போஷர் மாறி மாறி வரும்படி அமைத்து, 200 மில்லிவிநாடிக்குள் வந்த ஃபிரேம்களில் விளக்கு இருக்கும் இடத்தின் உச்ச வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது வழி ஒட்டுப்போடுவது மாதிரிதான், முழுத் தீர்வு இல்லை. கையேட்டின் 5-ஆம் பாகம் எல்.இ.டி. மின்னணுப் பலகைகளுக்கு 200 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கப் பரிந்துரைக்கிறது. ஏற்கெனவே கம்பத்தில் ஏறிவிட்ட விளக்குகள் அதைப் படித்துவிட்டு மாறப்போவதில்லை.

பலகைக்கு இரண்டு விளக்கு இருந்தால் அவை மாறி மாறி எரியும். இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மேல் விளக்கின் வெளிச்சத்திலிருந்து கீழ் விளக்கினுடையதைக் கழித்தால், விநாடிக்கு ஏறக்குறைய ஒரு தடவை கூட்டலும் கழித்தலுமாக ஊசலாடும் ஒரு அலை கிடைக்கும். தாழ்ந்த சூரியன் கண்ணாடியில் பட்டு எரிவதுபோல் காட்டும் பொய்வெளிச்சம் இரண்டிலும் ஒன்றாக ஏறி இறங்குவதால் கழிந்துபோகும்.

பக்கத்துக் காரின் அபாய விளக்கு நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மினுக்கும். அதன் அடி எல்லையும் பள்ளி விளக்கின் மேல் எல்லையும் 60-இல் வந்து தொட்டுக்கொள்வதால் வேகத்தை வைத்து மட்டும் பிரிக்கமுடியாது. மேப்பில் குறித்த இடத்தை வைத்துத்தான் பிரிக்கவேண்டும். பள்ளிக் கடவைகளில் பாதசாரி பொத்தானை அழுத்தினால் படபடவென்று துடிக்கும் செவ்வக மஞ்சள் விளக்கு வேறு ரகம். அது கடப்பவருக்கு வழிவிடச் சொல்கிறது. வேக எல்லைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எத்தனை மீட்டருக்கு முன்பே தெரியவேண்டும்

8 மெகாபிக்சல், கிடைமட்டத்தில் 3840 பிக்சல், 60 டிகிரிப் பார்வை கொண்ட கேமரா டிகிரிக்கு 64 பிக்சல் தரும். 10 அங்குல உயர எண் 80 மீட்டரில் ஏறத்தாழ 12 பிக்சல் உயரம் வரும், படித்துவிடலாம். துணைப்பலகையின் 3 அங்குல எழுத்து 30 மீட்டருக்கு வந்தால்தான் 9 பிக்சலைத் தொடும். தொடக்கத்தில் சொன்ன 50 மீட்டர் இடைவெளி இதுதான். 30 டிகிரிக் கேமரா போட்டால் இரண்டு தூரமும் இரட்டிக்கும், இடைவெளியும் கூடவே இரட்டிக்கும்.

தேவைப்படும் தூரத்தை இப்போது கணக்கிடுவோம். 40 மைல் என்றால் விநாடிக்கு 17.9 மீட்டர். விளக்கை உறுதிசெய்ய 3.6 விநாடியில் 64 மீட்டர் ஓடும். மென்பொருள் தாமதம் அரை விநாடி, 9 மீட்டர். பயணிக்குத் தூக்கிப்போடாமல் 1.5 மீட்டர்/விநாடி² அளவில் 20 மைலுக்கு இறங்க 80 மீட்டர். மொத்தம் 153 மீட்டர். அவ்வளவு தூரத்தில் துணைப்பலகையைப் படிக்க எந்தக் கேமராவையும் நம்பமுடியாது. நிபந்தனை என்ன என்பதை மேப் முன்கூட்டியே சொல்லவேண்டும், கேமரா விளக்கை மட்டும் பார்த்தால் போதும். 8 அங்குல விளக்கு 150 மீட்டரில் 5 பிக்சல்தான். எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் வெளிச்சம் ஏறி இறங்குவதைக் கண்டுகொள்ள அது போதும்.

‘தெரியவில்லை’ நிலையில் கார் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவும் வேண்டாம். விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் 3.6 விநாடியும் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி 0.5 மீட்டர்/விநாடி² அளவில் மெல்லத் தணியட்டும். வேகம் 4 மைல் குறைந்திருக்கும், மொத்தத் தூரம் ஏறக்குறைய 129 மீட்டருக்கு வந்துவிடும். விளக்கு எரியவில்லை என்று உறுதியானால் பழைய வேகத்துக்குத் திரும்புவதில் பின்னால் வருபவருக்கும் திடுக்கிடல் இல்லை.

நேரமும் நாளும்

நேரப் பலகையைப் படிக்கும்போது காலை, மாலைக் குறியீடு ஒரு தடவைதான் எழுதியிருக்கும். ‘7-9 ஏஎம்’ என்றால் 7-க்கும் அதுவே பொருந்தும். ‘11-1 பிஎம்’ என்று வந்தால் 11 முற்பகல். படித்து முடித்ததும் தொடக்கம் முடிவுக்கு முந்தியதா, மொத்தம் 12 மணி நேரத்தைத் தாண்டுகிறதா என்று சரிபாருங்கள். முக்காற்புள்ளி மங்கிப்போய் ‘7:30’ என்பது ‘730’ ஆகவோ ‘7’ ஆகவோ வருவது சாதாரணம்.

கடிகாரத்துக்கு டாஷ்போர்டை நம்பாதீர்கள், உரிமையாளர் அதை எப்படி வேண்டுமானாலும் திருப்பி வைத்திருக்கலாம். செயற்கைக்கோள் நேரத்தை எடுத்து, கார் நிற்கும் இடத்தின் நேர மண்டலத்தை வைத்து மாற்றுங்கள். அரிசோனாவின் பெரும்பகுதி கோடைகாலத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அங்கேயே நவாஹோ தேசத்தில் மாற்றுவார்கள். கம்பத்தில் இருக்கும் விளக்கின் நேரப்பொறியும் மார்ச், நவம்பர் மாற்றத்தின்போது ஒரு மணி நேரம் பிசகக்கூடும். அப்போது மேப் ஒன்று சொல்லும், விளக்கு வேறு சொல்லும். விளக்குப் பலகையில் விளக்கின் பேச்சைக் கேளுங்கள், முரண்பாட்டைப் பதிவுசெய்து மேப் குழுவுக்கு அனுப்புங்கள்.

பள்ளி நாள் எது என்பது ஒவ்வொரு பள்ளி மாவட்டத்தின் நாள்காட்டியைப் பொறுத்தது. பனி பெய்தால் இரண்டு மணி நேரம் தள்ளித் திறப்பார்கள், சில நாள் மதியமே விடுவார்கள். நாள்காட்டி கையில் இல்லாவிட்டால் எல்லா வார நாளும் பள்ளி நாள் என்று கொள்வதே சரி. கோடை விடுமுறையில் காரணமின்றி மெதுவாகப் போகும் தொல்லையைத் தாங்கிக்கொள்ளலாம்.

‘பிள்ளைகள் இருக்கும்போது’

இதைக் கேமராவிடம் முழுக்க ஒப்படைக்க முயன்ற வடிவமைப்புகள் நிலைத்து நிற்பதில்லை. நிறுத்திய வேனுக்குப் பின்னால் இருக்கும் பிள்ளை தெரியாது. வேலிக்குள் விளையாடும் பிள்ளை கணக்கில் வருமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஓரிகனின் சட்டம் ஓரளவு தெளிவாக, கடவையில் அல்லது அதன் ஓரத்தில் காத்திருக்கும் பிள்ளைகள், அங்கே நிற்கும் போக்குவரத்து உதவியாளர் என்று சொல்கிறது. மற்ற இடங்களில் வார நாளில் காலை 6.30 முதல் மாலை 5.30 வரை அமலில் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு வெளியே, சிறு உருவம் கொண்ட பாதசாரி எவரையும் கேமரா கண்டால் அமலுக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளையைக் கண்டது வேக எல்லையை இறக்க மட்டும் பயன்படட்டும். ஆளைக் காணோம் என்பதை வைத்து வேகத்தை ஏற்றவேண்டாம்.

நுழைவும் முடிவும்

பக்கத்துத் தெருவிலிருந்தோ வாகன நிறுத்தத்திலிருந்தோ மண்டலத்துக்கு நடுவில் திரும்பும் கார் தொடக்கப் பலகையைப் பார்த்திருக்காது. அதற்கு மேப் ஒன்றுதான் கதி. முடிவில் ‘எண்ட் ஸ்கூல் ஸ்பீட் லிமிட்’ அல்லது அடுத்த வேகப் பலகை இருக்கும். அதைத் தவறவிட்டால் கார் ஊரெல்லாம் 20-இல் ஊர்ந்துகொண்டிருக்கும். மேப் சொல்லும் முடிவைத் தாண்டி 30 மீட்டர் போயும் பலகை கிடைக்காவிட்டால் மேப்பின்படி விடுவித்துவிடுங்கள்.

சோதனை

ஒரே பலகையைக் குறைந்தது ஆறு வேளையில் பதிவுசெய்யுங்கள்: பள்ளி நேரம், அதே நாள் மதியம், ஞாயிறு, பொது விடுமுறை, தாழ்ந்த சூரியன் எதிரில், மழை இரவு. அமல் தொடங்கும் நிமிடத்தில் மண்டலத்துக்குள்ளேயே கார் இருக்கும்படி ஒரு ஓட்டமும் வேண்டும். விளக்கு நடுவழியில் எரியத் தொடங்கினால் கார் பலகையைத் தாண்டியிருக்கும், கேமராவுக்குத் தெரியாது. அப்போது நேரத்தை வைத்துத்தான் பிடிக்கமுடியும், பல அமைப்புகள் இதில் கோட்டைவிடுகின்றன.

பிறகு அதே பதிவுகளை ஆய்வகத்தில் கடிகாரத்தை மாற்றி ஓட்டுங்கள். விளக்கில் ஒன்றை அணைத்து, மினுக்கலை நிமிடத்துக்கு 50-க்குக் கீழே மெதுவாக்கி, பாதியில் லாரியால் மறைத்துப் பாருங்கள். பிழைகளை ஒரே எண்ணிக்கையில் கூட்டவேண்டாம். அமலில் இருந்ததைத் தவறவிட்டது ஒரு பட்டியல், இல்லாததைக் கண்டு வேகத்தைக் குறைத்தது இன்னொரு பட்டியல். இரண்டாவதில் பிரேக்கின் கடுமையையும் பின்னால் வந்த காரின் தூரத்தையும் சேர்த்துப் பதியுங்கள். 0.5 மீட்டர்/விநாடி² அளவில் தளர்ந்ததும் 3 மீட்டர்/விநாடி² அளவில் குத்தியதும் ஒரே பிழையாக எண்ணப்பட்டால், அடுத்த பதிப்பில் எதைத் திருத்துவது என்றே தெரியாது.